காது குத்தும் முன் கேட்க வேண்டிய கேள்வி

முகூர்த்த நாள் ஒன்றில் தாடிக்கொம்பு வழியாகப் போகிறவர் கண்ணில் காதணி விழா ஃபிளெக்ஸ் பேனர் படாமல் இருப்பது அரிது. திண்டுக்கல் வட்டாரத்தில் காதுகுத்து என்பது கல்யாணத்துக்கு அடுத்தபடியான விசேஷம். குலதெய்வம் கோயிலில் மொட்டை, தாய்மாமன் சீர், கிடா விருந்து, மொய் எழுத ஒரு மேஜை என எல்லாமே உண்டு. நாள் பார்ப்பார்கள், நேரம் பார்ப்பார்கள், எந்த மாமன் மடியில் முதலில் உட்கார வைப்பது என்று பேசி முடிவு செய்வார்கள். பத்தர் தங்கக் கம்பியை எடுப்பதற்கு முன்னால் இத்தனை கேள்விகளுக்குப் பதில் தேடுகிற குடும்பம், ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: “நம்ம வீட்டுல யாருக்காவது காயம் ஆறின இடத்துல தழும்பு தடிச்சு வளர்ந்திருக்கா?”

சடங்கைக் குறை சொல்ல வந்த கேள்வி இல்லை இது. காதில் துளை போட்ட இடத்தில் சிறு முடிச்சாகத் தொடங்கி நெல்லிக்காய் அளவுக்கும் அதற்கு மேலும் வளரக்கூடிய தழும்புக் கட்டி ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதைக் கெலாய்டு என்கிறார்கள். அது உயிரைப் பறிக்காது, தொற்றாது, புற்றுநோயும் இல்லை. ஆனால் அரிக்கும், சுருக்சுருக்கென்று குத்தும், தலையணையில் பட்டால் வலிக்கும். பெண் பார்க்க வருகிற நாளில் முடியை இழுத்துவிட்டுக் காதை மறைக்க வேண்டிய நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளும். வெட்டி எடுத்தால் தொல்லை தீரும் என்று நம்பி வெட்டிக்கொண்டவர்களுக்கு முன்னைவிடப் பெரிதாகவே திரும்ப வருவதும் உண்டு.

வந்த பிறகு விரட்டுவது இவ்வளவு கடினமான இந்தத் தொல்லை யாருக்கு வரக்கூடும் என்பதை ஓரளவுக்கு முன்கூட்டியே கணிக்கலாம். அதற்கு ஸ்கேன் தேவையில்லை, ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. சில கேள்விகளும், உடம்பில் ஏற்கெனவே இருக்கிற தழும்புகளை உற்றுப் பார்க்கும் பொறுமையும் போதும்.

தோலுக்குள் நடக்கும் வேலை

காயம் பட்டவுடன் முதலில் ரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. அடுத்து வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் செத்துப்போன திசுக்களையும் அப்புறப்படுத்துகின்றன. மூன்று நான்கு நாட்களில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் அந்த இடத்தில் குவிந்து, கொலாஜன் என்ற புரத நாரைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. முதலில் போடப்படுவது மெல்லிய, அவசரத்துக்கான நார். சில வாரங்கள் கழித்து அதைக் கரைத்துவிட்டு உறுதியான நாரை உடல் அடுக்குகிறது. இந்தச் சீரமைப்பு ஓராண்டுக்கு மேலும் நீளலாம். அதனால்தான் புதுத் தழும்பு சிவந்து தூக்கலாக இருந்து, மாதங்கள் போகப்போகத் தட்டையாகி வெளிறுகிறது. எவ்வளவு நன்றாக ஆறினாலும் தழும்பு பழைய தோலின் வலுவில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் எட்டும்.

கொலாஜனைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அந்தப் புரதம் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்ன ஆய்வு சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1952-இல் அங்கே இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் கொலாஜனின் அமைப்பை வெளியிட்டார். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு கிடக்கும் அந்த வடிவத்தை 1955-இல் இருவரும் மேலும் செம்மைப்படுத்தினார்கள். ஆய்வுக்கான கங்காரு வால் தசைநாரைக் கொடுத்து உதவியது அடையாற்றிலிருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் ஷாப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் பதப்படுத்தப்பட்டு வருவதும் இதே கொலாஜன்தான். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய ஆட்டுத்தோல் அழுகாமல் இறுகுவதற்குக் காரணம், பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளைப் பிணைத்துவிடுவது.

காயம் மூடியதும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு ‘வேலையை நிறுத்து’ என்ற சமிக்ஞை கிடைக்க வேண்டும். சிலருடைய தோலில் அது கிடைப்பதில்லை, அல்லது செல்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சிய பிறகும் கொத்தனார் கலைந்து போகாமல் சுவருக்கு மேல் சுவர் எழுப்பிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படி நார் மேல் நாராக ஏறுகிறது. இந்த மிகையுற்பத்தியைத் தூண்டுவதில் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணிக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லை தாண்டாதது, தாண்டுவது

தடித்த தழும்புகள் எல்லாமே கெலாய்டு அல்ல. இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். இரண்டின் போக்கும் வேறு, வைத்தியமும் வேறு.

முதல் வகை, காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து மேடாகும் தழும்பு. காயம் பட்டு ஒன்றிரண்டு மாதங்களுக்குள் தலைதூக்கி, சில மாதங்கள் வளர்ந்து, பிறகு பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். தீக்காயம் ஆறியவர்களிடமும், மூட்டுகளுக்கு மேலே அறுவை செய்துகொண்டவர்களிடமும் இதை அதிகம் பார்க்கலாம். இதை மிகை வளர்ச்சித் தழும்பு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது வகைதான் கெலாய்டு. காயம் ஆறி எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது, மூன்று மாதம் கழித்தோ சில ஆண்டுகள் கழித்தோகூட அது தொடங்கும். காயத்தின் எல்லையைத் தாண்டி, அடிபடாத நல்ல தோலுக்குள்ளும் கால் நீட்டிப் பரவும். தானாக அடங்குவது மிக அரிது. வேறு எந்தச் சிகிச்சையும் சேர்க்காமல் கத்தி வைத்து மட்டும் அகற்றினால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வருவதாக மருத்துவ நூல்கள் பதிவு செய்கின்றன. திரும்ப வராமல் போவதுதான் ஆச்சரியம் என்று சொல்லும் அளவுக்கு இது உயர்ந்த விகிதம்.

ஆகவே தழும்பு தடித்திருக்கிறது என்று ஒருவர் வந்தால், அனுபவமுள்ள மருத்துவர் முதலில் கேட்பது இரண்டு விவரங்கள்: காயம் பட்டு எத்தனை நாள் கழித்துத் தடிக்க ஆரம்பித்தது? காயம் இருந்த இடத்தை விட்டு வெளியே வந்திருக்கிறதா?

கையில் இருக்கும் சாட்சி

வருமுன் கணிப்பதற்கான முதல் சாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது. இடது தோளுக்குக் கீழே பாருங்கள். பிறந்தவுடன் போட்ட பிசிஜி தடுப்பூசியின் தழும்பு அங்கே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது சில மில்லிமீட்டர் அகலத்தில், வட்டமாக, தோலோடு தோலாகவோ சற்றே குழிந்தோ காணப்படும். சிலருக்கு மட்டும் அது மேலெழும்பி, பளபளப்பாக, விரலால் தடவினால் கெட்டியாகத் தட்டுப்படும். அக்கம்பக்கத்துத் தோலையும் இழுத்துக்கொண்டு வளர்ந்திருக்கும். தோளும் மேற்கையும் கெலாய்டு விரும்பிக் குடியேறும் இடங்கள் என்பதால், அங்கே தடித்த தழும்பு இருப்பவர் அடுத்த காயத்துக்கு முன் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிசிஜி கைக்குழந்தைப் பருவத்தில் போடப்படுவது. கெலாய்டு வருவதற்கான வாய்ப்போ 10 வயதிலிருந்து 30 வயது வரைதான் உச்சத்தில் இருக்கிறது. எனவே பிசிஜி தழும்பு தட்டையாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒருவருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. வயதுக்கு வந்த பிறகு பட்ட காயங்கள் எப்படி ஆறின என்பதையும் பார்க்க வேண்டும்: அம்மை போட்ட வடு, முகப்பரு வந்துபோன தாடை, கட்டி உடைந்த முதுகு, பைக்கிலிருந்து விழுந்த முழங்கை. பழைய தழும்புகளில் ஒன்று கெலாய்டாக இருந்தாலும் அதுவே மற்ற எல்லாச் சாட்சிகளையும்விட வலுவானது.

இரண்டாவது சாட்சி குடும்பம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கெலாய்டு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கெலாய்டு உள்ளவர்களின் மரபணுத் தொகுதியை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, இந்த நோயோடு தொடர்புள்ள நான்கு மரபணு இடங்களைக் கண்டறிந்தார்கள். மரபின் பங்கு உறுதியாகத் தெரிந்தாலும், ஒரே ஒரு மரபணுவைச் சோதித்து ‘உனக்கு வரும், உனக்கு வராது’ என்று சொல்லும் நிலைக்கு அறிவியல் இன்னும் வரவில்லை. பாட்டி, அத்தை, சித்தப்பா என்று விசாரிப்பதே இன்றைக்கும் நம்பகமான மரபணுச் சோதனை.

மூன்றாவது, தோலின் நிறம். ஆப்பிரிக்க மரபினருக்கு மிக அதிகமாகவும், ஆசிய மரபினருக்கு அடுத்தபடியாகவும், வெள்ளையருக்கு மிகக் குறைவாகவும் கெலாய்டு வருகிறது. கருமைதான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். ஆனால் தான்சானியாவில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு, பிறவியிலேயே நிறமி இல்லாத ஆப்பிரிக்கர்களுக்கும் கெலாய்டு வருவதைக் காட்டியது. ஆக, நிறம் என்பது மரபின் அடையாளம். குற்றவாளி அது அல்ல.

நான்காவது, உடலின் பருவம். பூப்படையும் வயதும் கர்ப்ப காலமும் கெலாய்டுகள் தோன்றுவதற்கும் ஏற்கெனவே இருப்பவை பெரிதாவதற்கும் ஏற்ற காலங்கள். ஹார்மோன்களின் எழுச்சி இதற்குப் பின்னால் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் கெலாய்டு தீவிரமாக இருப்பதையும் ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

வயதும் காதும்

காதுகுத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் ஆய்வு 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கெலாய்டு உள்ள 32 பேரிடம் எந்த வயதில் காது குத்தினார்கள் என்று கேட்டார்கள். 11 வயதிலோ அதற்குப் பிறகோ குத்திக்கொண்டவர்களில் 80 சதவீதத்தினருக்குக் காதில் கெலாய்டு வந்திருந்தது. 11 வயதுக்கு முன் குத்திக்கொண்டவர்களில் அது 23.5 சதவீதம். இவர்கள் எல்லோருமே ஏற்கெனவே கெலாய்டு இயல்பு கொண்டவர்கள் என்பதால், ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் இந்த விகிதம் பொருந்தாது. பங்கேற்றவர்களும் குறைவு. ஆனாலும் அது காட்டும் திசை தெளிவானது: கெலாய்டு இயல்புள்ள குடும்பத்தில், வயது ஏற ஏறத் துளை போடுவது ஆபத்தாகிறது.

நம் வழக்கத்தில் முதல் காதுகுத்து குழந்தைப் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. பாம்படமும் தண்டட்டியும் அணிந்த பாட்டிமார்களுக்குக் காது குத்தியதும் குழந்தைப் பருவத்தில்தான். இந்த ஆய்வை வைத்துப் பார்த்தால் அந்த வழக்கத்தில் குறை காண எதுவும் இல்லை. சிக்கல் வருவது கல்லூரி வயதில் போடும் இரண்டாவது, மூன்றாவது துளையில். அதுவும் காதின் மேல்பகுதிக் குருத்தெலும்பில் துப்பாக்கி போன்ற கருவியால் அடிக்கும் துளையில். அங்கே ரத்த ஓட்டம் குறைவு; சீழ் பிடித்தால் ஆற நாளாகும்; நாளாக நாளாகத் தழும்பு தடிக்கும் வாய்ப்பு கூடும். சின்ன வயதில் குத்தியபோது ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பிப் பத்தொன்பது வயதில் குத்திக்கொள்ளும் பெண், தன் தோலின் பருவம் மாறியிருப்பதை அறிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது கெலாய்டு இருந்தால் அந்தத் துளையே வேண்டாம் என்பதுதான் சரியான ஆலோசனை. மூக்குத்திக்கும் இது பொருந்தும்.

இழுபடும் தோல்

உடம்பில் எல்லா இடமும் ஒன்றுபோல ஆறுவதில்லை. நெஞ்செலும்பின் மேல், தோள், மேற்கை, முதுகின் மேல்பகுதி, தாடையோரம், காது மடல் ஆகிய இடங்களில் கெலாய்டு அதிகம். இமையிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது மிக மிக அரிது. ஏன் இந்த வேறுபாடு?

விடையின் ஒரு பகுதியை வியன்னாவில் 1861-இல் கார்ல் லாங்கர் என்ற உடற்கூறியலாளர் செய்த எளிய சோதனையில் காணலாம். இறந்த உடல்களின் தோலில் கூரான வட்டக் கருவியால் சிறுசிறு துளைகள் போட்டுக்கொண்டே போனார். போட்டதெல்லாம் வட்டம், ஆனால் கருவியை எடுத்தவுடன் ஒவ்வொரு துளையும் நீள்வட்டமாக இழுபட்டது. அந்த நீள்வட்டங்களை வரிசையாகக் கோடு போட்டு இணைத்தபோது, உடல் முழுவதும் தோல் எந்தத் திசையில் இழுபட்டு நிற்கிறது என்ற வரைபடம் கிடைத்தது. இன்றும் அறுவை மருத்துவர்கள் அந்தக் கோடுகளையும், பிற்காலத்தில் உயிருள்ள உடல்களைப் பார்த்துத் திருத்தப்பட்ட கோடுகளையும் மனத்தில் வைத்தே கத்தியை ஓட்டுகிறார்கள். கோட்டின் போக்கிலேயே வெட்டினால் காயத்தின் இரு விளிம்புகளும் இழுபடாமல் சேரும். குறுக்கே வெட்டினால் இரண்டும் எதிரெதிராக இழுத்துக்கொண்டே இருக்கும்.

டோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ரெய் ஒகாவா, இழுவிசையே கெலாய்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். மூச்சு விடும்போதும் கையை அசைக்கும்போதும் நெஞ்சுத் தோல் பக்கவாட்டில் இழுபடுகிறது; அங்கே வரும் கெலாய்டும் பக்கவாட்டில்தான் நீளும். இழுபடும் விளிம்பில் வளர்ச்சி மும்முரமாக இருக்கும். இழுவிசை குறைந்த நடுப்பகுதி பழுத்து அடங்கிக் கிடக்கும். இமைத்தோல் எப்போதும் தளர்வாக இருப்பதால் அங்கே கெலாய்டு அநேகமாக வருவதில்லை. காது மடல் மட்டும் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்காது. அங்கே இழுவிசையைவிடக் கிருமித் தொற்று, கம்மலை அடிக்கடி கழற்றி மாட்டுவதால் ஏற்படும் உராய்வு ஆகியவற்றின் பங்கு பெரிது.

இருபத்தோரு நாள் கணக்கு

தீக்காயத்தில் கணிப்பு இன்னும் துல்லியமாகிறது. 1983-இல் டெய்ச் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தீக்காயங்களைத் தொடர்ந்து கண்காணித்து, காயம் எத்தனை நாளில் ஆறியது என்பதையும் பிறகு தழும்பு தடித்ததா என்பதையும் ஒப்பிட்டார்கள். 14 நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆறிய இடங்களில் மூன்றில் ஒரு பங்கு தடித்தது. 21 நாளைத் தாண்டி ஆறிய இடங்களில் 78 சதவீதம் தடித்தது. மூன்று வாரத்துக்குள் ஆறாது என்று தெரியும் ஆழமான தீக்காயத்துக்குத் தோல் ஒட்டு அறுவை செய்துவிடுவது நல்லது என்ற வழக்கத்துக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

நம் ஊரில் இது அன்றாட விஷயம். பைக்கை விட்டு இறங்கும்போது கெண்டைக்காலில் சைலன்சர் சூடு வாங்காதவர் குறைவு. கொதிக்கும் சாம்பார் சட்டியை இழுத்து மேலே கொட்டிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. சுட்டவுடன் டூத் பேஸ்டையும் இங்க்கையும் காபித்தூளையும் அப்புவது, காயத்தைக் கெடுத்து ஆறும் நாளை நீட்டுவதில் முடியலாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. சுட்ட இடம் இரண்டு வாரம் ஆகியும் ஆறவில்லை என்றால் இனியும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய தீக்காயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் தொலைவில் இல்லை. மூன்றாவது வாரம் முடியும் முன் காட்டுவதற்கும், மூன்றாவது மாதத்தில் தழும்பு தடித்த பிறகு காட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

மருத்துவர் எப்படிக் கணக்குப் போடுகிறார்?

தழும்பை அளப்பதற்கு அளவுகோல்கள் உண்டு. 1990-இல் வந்த வான்கூவர் அளவுகோல் தழும்பின் நிறம், ரத்த ஓட்டம், மிருதுத்தன்மை, உயரம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. அது வந்துவிட்ட தழும்பை அளப்பது. ஜப்பானியத் தழும்பு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட அளவுகோல் இன்னொரு படி மேலே போனது. தழும்பின் தோற்றத்தோடு, அந்த நபரின் இயல்பையும் அது கணக்கில் எடுத்தது: இனம், குடும்ப வரலாறு, தழும்புகளின் எண்ணிக்கை, வந்த இடம், தொடங்கிய வயது, காரணம். மொத்தம் 25 மதிப்பெண். 5-க்குள் இருந்தால் சாதாரணத் தழும்பு. 6 முதல் 15 வரை மிகை வளர்ச்சித் தழும்பின் இயல்பு. 16-உம் அதற்கு மேலும் கெலாய்டின் இயல்பு. பெரிய வெட்டுக்காயத்தில் வந்த தழும்பைவிட, காரணமே தெரியாமல் அல்லது ஒரு சின்னப் பருவில் தொடங்கிய தழும்புக்கு அதில் மதிப்பெண் அதிகம். ஒரு பருவுக்கே இப்படிப் பொங்கும் தோல், கத்தி பட்டால் என்ன செய்யும் என்று யோசித்தால் அதன் நியாயம் விளங்கும்.

அறுவைக்கு முன் புறநோயாளிப் பிரிவில் இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“ஏம்மா, இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கீங்களா?”

“மூத்தவன் ஆபரேஷன்லதான் பொறந்தான் டாக்டர்.”

“அந்தத் தையல் போட்ட இடம் இப்ப எப்படி இருக்கு? அரிக்குதா?”

“ஆமாங்க, கயிறு மாதிரி தடிச்சுப்போயிருக்கு. மழைக்காலத்துல அரிப்பு தாங்க முடியாது.”

“வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?”

“எங்க அப்பாவுக்கு நெஞ்சுல ஒண்ணு இருந்துச்சுங்க.”

இந்த மூன்று பதில்களும் போதும். அடுத்த அறுவையின் திட்டமே மாறிவிடும். தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஏறக்குறைய இரண்டு தாய்மார்களில் ஒருவர் வயிற்றில் தழும்போடு வீடு திரும்புகிறார். அதுவும் ஹார்மோன்கள் பெருகி, தோல் தழும்பு போடத் துடித்துக்கொண்டிருக்கும் கர்ப்ப காலத்தில். அடிவயிற்றில் குறுக்காக வெட்டுவது, நெடுக்காக வெட்டுவதைவிடத் தோலின் இழுவிசைக்கு இசைவானது. நெஞ்சைத் திறந்து செய்யும் இதய அறுவையில் அந்த வசதியும் இல்லை. நெஞ்செலும்பின் மேல் நேராக ஓடும் அந்த வெட்டு, கெலாய்டுக்கு மிகவும் பிடித்த இடத்தின் நடுவே போகிறது.

தெரிந்த பிறகு

வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் செய்யக்கூடியவை பல.

தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்க வேண்டும். அழகுக்காக மருவை எடுப்பது, பச்சை குத்துவது, கூடுதல் துளைகள், தொல்லை தராத சிறு கட்டியை வெட்டுவது போன்றவை அவசியமா என்று இரண்டு முறை யோசிக்க வேண்டும். கல்லீரல் கோளாறுக்கும் வலிப்புக்கும் குழந்தைகளுக்குச் சூடு போடும் பழக்கம் எந்தத் தோலுக்கும் கேடு. கெலாய்டு இயல்புள்ள குழந்தைக்கு அது வாழ்நாள் தண்டனை.

தவிர்க்க முடியாத அறுவை என்றால், வெட்டின் திசையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆழத்திலுள்ள அடுக்குகளைத் தனியே தைத்து மேல்தோலின் மீது இழுவிசை விழாமல் பார்த்துக்கொள்ளலாம். தொற்று வராமல் காக்கலாம். காயம் மூடியதும், சுமார் இரண்டு வாரம் கழித்து, சிலிகான் தகடு அல்லது ஜெல்லைப் பயன்படுத்தத் தொடங்கலாம். தகட்டை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது ஒட்டி வைக்க வேண்டும். விட்டுவிட்டு ஒட்டினால் பயன் இல்லை. பெரிய தீக்காயங்களுக்கு இறுக்கமான அழுத்த உடைகளை நாளின் பெரும்பகுதி, பல மாதங்களுக்கு அணியச் சொல்வார்கள். நம் வெயிலில் அது கொடுமைதான். ஆனாலும் கை மடங்காமல் போவதைவிட மேல் என்று எடுத்துச் சொல்லிப் பொறுக்கச் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தையல் பிரித்ததோடு உறவு முடிந்துவிட்டதாக நினைக்காமல் ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பக் காட்டுவது. அரிப்பும், சிவப்பும், விரலுக்குத் தட்டுப்படும் கெட்டித்தன்மையும் முதல் அறிகுறிகள். அந்த நிலையில் பிடித்தால், தழும்புக்குள் நேரடியாகப் போடும் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போட்டே பலருக்கு அடக்கிவிடலாம். வளர்ந்துவிட்ட கெலாய்டை அகற்றினாலும் அதைத் தொடர்ந்து ஊசியோ, காதில் அழுத்தக் கம்மலோ, குறிப்பிட்ட சிலருக்கு அறுவை முடிந்து ஓரிரு நாளுக்குள் தொடங்கும் கதிர்வீச்சோ கட்டாயம் வேண்டும். ஒற்றை வைத்தியத்துக்கு அடங்குகிற நோய் இல்லை இது. நூல் கட்டி அறுப்பதும், ஆசிட் வைத்துச் சுடுவதும், புதுக் காயத்தை உண்டாக்கி அதற்கு இரை போடுவதாகவே முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தடித்த கட்டியெல்லாம் கெலாய்டு என்று நாமே முடிவு கட்டக் கூடாது. அரிதாகச் சில தோல் புற்றுநோய்களும் அதே தோற்றத்தில் வருவது உண்டு. காயமே படாத இடத்தில் வளர்ந்தால், வேகமாகப் பெருத்தால், புண்ணாகிக் கசிந்தால், சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாடிக்கொம்பிலிருந்து பழனி வரை வருகிற முகூர்த்தங்களில் எத்தனையோ குழந்தைகள் மாமன் மடியில் உட்காரப் போகிறார்கள். எத்தனையோ பேர் அறுவை அரங்குக்குள் போகப் போகிறார்கள். அதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் தழும்புகளைப் பற்றி ஒரு முறை விசாரியுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் “எனக்கு, எங்க வீட்டுல, தழும்பு தடிக்கும் டாக்டர்” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர்களே, செவிலியர்களே, சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, மருந்து ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்கும் அதே மூச்சில் இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத கேள்வி இது. கேட்காமல் விட்டால் அதன் செலவைப் பல ஆண்டுகள் சுமப்பவர் நோயாளிதான்.